துரை துப்பாக்கியைச் செய்தவர்

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. கீழ்க்கட்டளையில் கொசு அப்போதும் இருந்தது. இப்போது போலவே காதருகில் வந்து கத்தியது.

என் வயதுக்காரர்களே, உங்களில் சிலருக்காவது எங்கள் வீட்டுத் துப்பாக்கி நினைவிருக்கும். கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் கிடக்கும். ஆயுத பூஜையன்று அதைப் பார்ப்பதற்கென்றே வந்து, பொரியும் கடலையும் இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டுப் போனவர்கள் நீங்கள். 'துரை துப்பாக்கி' என்று அதற்குப் பெயர் வைத்தது உங்கள் அப்பாக்கள்தான். அதை உண்மையில் செய்தவர் யார் என்பது எனக்குத் தெரியவர அறுபத்தாறு வயதாகிவிட்டது. உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால், உங்கள் வீடுகளிலும் ஒரு மனிதரைப் பொய்க்காரன் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர் என் சித்தப்பா.

முதலில் துப்பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா போடுகிற சாதி அல்ல அது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈய உருண்டையை வைத்து, இரும்புச் சலாகையால் இடித்து இடித்து உள்ளே இறக்கிச் சுட வேண்டும். முதல் குறி தப்பிவிட்டால், அடுத்ததற்குத் தயாராவதற்குள் பன்றி வண்டலூர் போய்ச் சேர்ந்துவிடும். தோளில் வைக்கும் கட்டையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு. அதில் கிரீடம் பொறித்திருக்கும். ஏரியில் வாத்து சுட வந்து கூடாரம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தனக்கு வழிகாட்டிய என் தாத்தாவுக்குப் பயிர்க் காவலுக்காகக் கொடுத்துவிட்டுப் போனதாகக் கதை.

குழலுக்குள்தான் விஷயம் இருந்தது. உள்ளே திருகுபோல் வளைந்து போகும் வரிகள். ஈய உருண்டை அந்த வரிகளில் சுழன்றுகொண்டு வெளியே வருவதால் நேராகப் போகும் என்பார்கள். நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். வரி போட்ட குழலை இங்கே எவனாலும் செய்ய முடியாது, ஆகவே இது சீமைச் சரக்கு. ஊரின் தர்க்கம் இவ்வளவுதான். நானும் அதைத்தான் நம்பினேன், அதே தர்க்கத்தை என் மகனுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

மகன் மேடவாக்கத்தில் வீடு கட்டினான். கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் பதினான்கு ஜன்னல்கள் வைத்தான், ஒன்றையும் திறப்பதில்லை, ஏசி. கூடத்தில் துப்பாக்கிக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டியை ஆசாரியிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தான். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தேர்தல் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் போய்க் கெஞ்சித் திரும்ப வாங்கி வருவது என்னால் ஆகவில்லை. லைசென்ஸை அவன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க அனகாபுத்தூர் போனேன். சித்தப்பாவின் ஒரே மகள், என் தங்கை, அங்கேதான் இருக்கிறாள். ஆற்றோரத்துச் சந்து. ஆட்டோ உள்ளே வராது என்று சொல்லி ஆட்டோக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டான், ஆனால் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டான்.

"வாண்ணா! இன்னா இது, இந்த வெயில்ல நடந்துகினு? ஒரு போன் பண்ணக் கூடாதா, பேரன அனுப்பியிருப்பேனே."

மோர் கொடுத்தாள். பத்திரிகையை மஞ்சள் குங்குமத்தோடு நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் துப்பாக்கிய எங்க வெக்கப் போறான் உன் புள்ள?"

"ஹால்லதான். கண்ணாடிப் பெட்டி செஞ்சிருக்கான்."

"அப்போ நான் வரலணா."

"ஏம்மா, அதெல்லாம் பழைய கதை."

"உனுக்குப் பழசு. என்னப் பொண்ணு பாக்க வந்தவங்கோ நைனா யாருன்னு கேட்டுட்டு, பஜ்ஜியக் கூடத் தொடாம எழுந்து போனாங்கோ. பொய்க்காரன் வூட்டுப் பொண்ணுன்னு. அந்தத் துப்பாக்கி கீழ ஒக்காந்துகினு நான் பாயசம் குடிக்கணுமா?"

நான் மோரைக் குடித்தேன். அதில் உப்பு அதிகம்.

"எங்க நைனா கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னாரு. 'அத்த நான்தான் செஞ்சேன்'னு. செஞ்சாரா இல்லியா, உனுக்கு எதுனா தெரிஞ்சா வந்து சொல்லு. அன்னிக்கி வர்றேன்" என்றாள். பத்திரிகையைச் சாமி படத்தின் முன் வைத்தாள். அதைத் திருப்பித் தரவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

அவள் கேட்டது அந்த ஒரு வருஷத்துப் பருவத்தைப் பற்றி. எனக்கு அப்போது ஒன்பது வயது, அவள் கைக்குழந்தை.

அந்த ஆடியில் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தோம். நன்மங்கலம் காட்டுப் பக்கமிருந்து பன்றிகள் வந்து கிளறின. ஒரு காலை அப்பா கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்தார். வலது கையில் வேட்டித் துணி சுற்றியிருந்தது. புருவம் ஒன்று இல்லை. முடி கருகிய வாசனை வீடு முழுக்க வந்தது. கோழி வாட்டும்போது வருமே, அது. அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டே எங்களைப் பார்த்து, "வெளக்கு வெடிச்சிட்ச்சி, போய் வெளயாடுங்க" என்றாள். எங்கள் வீட்டு விளக்கு இரண்டும் மாடத்தில் முழுதாக இருந்தன. அன்று முதல் கூடத்துச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

"யார்னா கேட்டா, துப்பாக்கிய எண்ணெ போடக் குடுத்துகீதுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் நானாகவே சொல்லிவைத்தேன்.

சித்தப்பா மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட இரும்புச் சாமான்கள் அந்தப் பட்டறையின் பின்புறம் மலைபோல் கிடந்தன. உடைந்த அச்சுகள், குழாய்கள், எதற்கென்றே தெரியாத பற்சக்கரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அழைத்துப் போவார். லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருள்களை நான் பொறுக்கிச் சேர்ப்பேன். இரும்பின் சூடு தணிய வெள்ளையாகச் சோப்புத் தண்ணீர் சொட்டும். காய்ந்த எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை அவர் சட்டையிலும், அவர் வாங்கிக் கொடுக்கும் பன்னிலும்கூட இருக்கும்.

அந்தப் பருவத்தில் அவர் ஒரு தடித்த இரும்புக் குழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மரக்கோல் ஒன்றில் சுற்றிச் சுற்றிக் கோடு செதுக்கி, அதன் முனையில் சின்னப் பல் ஒன்றைப் பொருத்தி, குழலுக்குள் விட்டு இழுப்பார். தள்ளுவார், மறுபடி இழுப்பார். மத்தால் தயிர் கடைவது போல முடிவில்லாத வேலை. ஒரு நாள் குழலைத் தூக்கி வானத்துக்கு நேராகப் பிடித்து, "பாருடா" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு வட்ட வானம், அதை நோக்கி வளைந்து வளைந்து போகும் பளபளப்பான கோடுகள். எண்ணினேன். ஏழு.

"இது இன்னா சித்தப்பா?"

"பம்புக் கொழா."

"பம்புக்குள்ள இன்னாத்துக்குக் கோடு?"

"தண்ணி சுத்திகினு வந்தா சில்லுனு இருக்கும்டா."

நான் நம்பினேன். எனக்கு எண்ணத் தெரிந்ததே தவிரக் கூட்டத் தெரியவில்லை.

அவருக்கு இன்னொரு கைவேலையும் இருந்தது. சொந்தக்காரர்களின் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவார். ஒரு சின்ன உளி, ஒரு சின்னச் சுத்தியல். புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பும். எங்கள் வீட்டில் குடம் முதல் கரண்டி வரை இருபத்தெட்டு உருப்படிகளில் அவர் வெட்டிய பெயர் இருந்தது. ஊரில் மற்றவர்கள் பாத்திரக் கடையில் கொடுத்து வெட்டுவார்கள். அது ஒரே ஓட்டமாகக் கிறுக்கலாக இருக்கும். சித்தப்பாவின் எழுத்தில் ஒவ்வொரு சுழிக்கும் இடம் விட்டிருக்கும்.

புரட்டாசி கடைசியில் துப்பாக்கி திரும்பி வந்தது. பழைய குடைத்துணியில் சுற்றி, சைக்கிளில் கயிறு போட்டுக் கட்டிச் சித்தப்பாதான் கொண்டுவந்தார். கட்டை புதுசு போல மின்னியது. "எண்ணெ போட்டா இப்டித்தான்" என்றாள் அம்மா. கிரீடம் போட்ட பித்தளைத் தகடு அதன் இடத்தில் இருந்தது.

சில நாளில் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஏர், அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் அம்மாதான். வரிசையாக வைத்துக்கொண்டு வந்தவள் துப்பாக்கியிடம் வந்ததும், அப்பா சந்தனக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு நான் வெக்கறேன்."

கட்டையும் குழலும் சேர்கிற இடத்துக்குச் சற்று மேலே, குழலின் மீது, உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சந்தனத்தை அப்பினார். நடுவில் குங்குமம். பக்கத்தில் நின்ற சித்தப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அப்பா ஒரு பன்றியைச் சுட்டார். மேட்டு வரப்பில் நின்று, ஏரிக்கரைப் பனைமரத்தடியில் இருந்ததை. அவ்வளவு தூரம் எந்தத் துப்பாக்கியும் பேசியதில்லை என்று ஊரே கூடிவிட்டது. எங்கள் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கறி வெந்தது. இலையில் உட்கார்ந்தவர்களை எண்ணினேன், நாற்பத்தொன்று. உங்கள் அப்பாக்களும் அதில் அடக்கம்.

"சீமச் சரக்குன்னா சும்மாவாப்பா? நம்ம ஆளு எவன் செய்வான் இந்த மாதிரி?" என்றார் ஒருவர்.

சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "சீமையும் இல்ல மாமியாரும் இல்ல. இந்தக் கையால போட்ட வரி அது. ஏழு வரி!" என்று எலும்பைப் பிடித்த கையைத் தூக்கிக் காட்டினார்.

"அடி சக்க! அடுத்த வருசம் ஒரு பீரங்கி செஞ்சிக் குடு மச்சான், ஏரி மதகுல வெச்சிக்கலாம்" என்று யாரோ சொல்ல, நாற்பத்தொரு இலையும் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை.

சிரித்தவர்களில் ஒருவர் வேலை மெனக்கெட்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். யார் என்று தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். அரை டவுசரும் உயரத் தொப்பியுமாக ஒரு ஏட்டு சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். சித்தப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார். தெரு முழுக்கக் கூட்டம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள், நான் அவள் புடவைக்குப் பின்னால்.

"துப்பாக்கி செஞ்சியாமே நீ?" என்று ஏட்டு சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா வாய் திறப்பதற்குள் அப்பா அவரை அறைந்தார். தீக்காயத் தழும்பின் சிவப்பு இன்னும் மாறாத அந்த வலது கையால். காக்கைகள் எழுந்து பறந்தன.

"லேத்துல போல்ட்டு கடையறவன் சார் இவன். துப்பாக்கி செய்ய இவனுக்கு மூள ஏது? வாயத் தொறந்தா பொய். இது எங்க நைனாவுக்குத் தொர குடுத்தது. தோ பாருங்க, கிரீடம் போட்டுகீது."

ஏட்டு தகட்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கன்னத்தைத் தொடக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றவர், ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். சும்மா சொன்னேன். பொய்தான்."

ஏட்டு 'இங்கிலீஷ் மேக்' என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த வாரமே சித்தப்பா, சித்தியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அனகாபுத்தூர் பக்கம் குடிபோனார். மறுபடி எங்கள் வாசல் ஏறவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. பின்னால் ஒரு நாள் சித்தப்பா இறந்த செய்தி வந்து, அப்பா மாலையோடு போனார். மாலையோடு திரும்பி வந்தார். சித்தி அதைப் போட விடவில்லை. அந்த மாலையை அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிள் ஹேண்டில்பாரிலேயே காய விட்டார்.

அப்பா தன் கடைசிக் காலத்தில் துப்பாக்கியை என் கையில் கொடுத்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "பொட்ட இங்கதான் வெக்கணும். தொடச்சிடாத, அது மேலயே வெய்யி." வருஷா வருஷம் அப்படியே வைத்தேன். பூஜை விஷயத்தில் நான் கேள்வி கேட்பவனல்ல.

இனி மகன் விஷயம். கிரகப்பிரவேசம் தங்கை வராமலேயே நடந்து முடிந்தது. லைசென்ஸ் மாற்றும்போது செய்தவர் பெயரோடு எழுதினால் கெத்தாக இருக்கும் என்று நினைத்தான். பழைய துப்பாக்கி சேகரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். படம் எடுத்து அனுப்பினான். பதில் வந்தது, படித்துக் காட்டினான். பித்தளைத் தகடு உண்மையான சீமைத் தகடுதான். ஆனால் அது வேறொரு துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்டியது போலிருக்கிறது, திருகாணித் துளைகள் இரண்டு முறை போடப்பட்டிருக்கின்றன. மற்ற எந்தப் பாகமும் தங்களுக்குத் தெரிந்த எந்தச் சீமைப் பட்டறையினுடையதும் இல்லை. கடைசியாக ஒரு வரி: குழலின் மீதுள்ள அந்தச் சிவப்பு நிறத் துருவை அகற்றிவிட்டு மறுபடி படம் அனுப்ப முடியுமா?

"துருவா?" என்றேன்.

"குங்குமம்ப்பா. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தான் மகன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துளை இரண்டு முறை என்றால், ஒரு துப்பாக்கி போய் இன்னொன்று வந்திருக்கிறது. அப்பாவின் கருகிய புருவம் நினைவுக்கு வந்தது. அது விளக்கு வெடித்ததில்லை.

மறுநாள் காலை தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணெயில் ஊறி ஊறித்தான் அது இளகியது. சிவப்பு, மஞ்சள், பிறகு பழுப்பு, மறுபடி சிவப்பு. அடுக்குகளை எண்ணப் பார்த்தேன். ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் முடியவில்லை. கூடம் முழுக்கப் பழைய சந்தன வாசனை. கடைசி அடுக்கு போனபின் இரும்பு தெரிந்தது. இரும்பில் புள்ளிகள். என் படிப்புக் கண்ணாடி போதவில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் ஆறு, சீராக, சுழிக்குச் சுழி இடம் விட்டு.

அண்ணனுக்கு.

பாத்திரம் பரிசு கொடுக்கும்போது அதில் வெட்டுவோமே, அது போல.

 பிறகு சுண்டுவிரலைக் குழலின் வாய்க்குள் விட்டுத் தடவினேன். ஏழு வரி. பட்டறையில் வானத்துக்கு நேராகப் பிடித்த பம்புக் குழாய்.

ஒரு சான்றை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருகிறவனல்ல நான். ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சரக்கை இரண்டு முறை எண்ணாமல் கையெழுத்துப் போட்டதில்லை. தாத்தாவுக்கும் ஒரு தம்பி இருந்து, அவர் வெட்டியதாக இருக்கலாமே என்று ஒரு மூலையில் அரித்தது. எழுத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு மறுபடி அனகாபுத்தூர் போனேன். இந்த முறை பேருந்தில், நின்றுகொண்டே.

தங்கை வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு மார்பளவுக்கு இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. சித்தப்பாவின் ஆயுதப் பெட்டியை அந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது, உளியும் அதோடு போய்விட்டது. ஆனால் அவள் பெயரை அவர் வெட்டிய பித்தளைக் குடம் இருந்தது. அரிசி போட்டு வைத்திருந்தாள். அரிசியைக் கொட்டச் சொன்னேன்.

"இன்னாணா, குடத்த எடைக்கிப் போடப் போறியா?"

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உளியின் முனை ஒரு பக்கம் சில்லு போயிருந்திருக்க வேண்டும். குடத்தின் ஒவ்வொரு புள்ளியும் முழு வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கடித்தது போல் பிறையாக இருந்தது. காகிதத்திலும் அதே கடி, அதே பக்கம். அவள் பெயரில் மொத்தம் அறுபத்திரண்டு புள்ளிகள். எல்லாவற்றையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் காகிதத்தை அவளிடம் கொடுத்தேன்.

"இன்னா எழுதிகீது?"

"நீயே படி."

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தாள். படித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை.

"எங்க இருந்திச்சி இது?"

"துப்பாக்கிக் குழல் மேல. சந்தனத்துக்கு அடியில. பழைய துப்பாக்கி எங்கப்பா கையில வெடிச்சிருக்கு. லைசென்ஸுக்குக் காட்ட வேற ஒண்ணு வேணும். உங்கப்பா செஞ்சு கொடுத்திருக்காரு."

"பெரியப்பாவுக்கு இந்த எழுத்து தெரியுமா?"

"அவர்தான் பொட்டு வைப்பாரு. எங்கம்மாவைக்கூட விடல."

அவள் முகம் இறுகியது. "அப்போ மறைச்சிட்டாரு."

"செஞ்சது தெரிஞ்சிருந்தா ரெண்டு பேருமே ஜெயிலுக்குப் போயிருப்பாங்க. அன்னைக்கு அறைஞ்சதுக்கு அந்த ஒரு காரணம் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடாததுக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியல."

உள்ளே குழம்பு பொங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"மறைக்கணும்னா ஒரு அரத்த எடுத்து ராவிட்டுப் போயிருக்கலாமேணா. ஒரு நிமிச வேல. இன்னாத்துக்கு வருசா வருசம் ஒக்காந்து சந்தனம் கொழச்சிகினு?"

கொட்டி வைத்த அரிசியை அள்ளிக் குடத்தில் போட ஆரம்பித்தேன். 

துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு மேடவாக்கம் போய் மகனிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அப்பா, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இங்கிலீஷ் கன்னுன்னு சொல்லிட்டேன்ப்பா. பேர் மாத்த விசாரிச்சப்பவே ஸ்டேஷன்ல சொன்னாங்க. லைசென்ஸ் இல்லாம ஒருத்தர் செஞ்சதுன்னு எழுதிக் கொடுத்தா, மாத்தித் தர மாட்டாங்க, எடுத்து வெச்சிப்பாங்க. பேசாம பழைய மாதிரியே இங்கிலீஷ் மேக்னு எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அனகாபுத்தூர்ல ஒருத்திக்குத் தெரியும்."

அவன் எழுந்து போய்ப் பதினான்கு ஜன்னல்களில் ஒன்றைத் திறந்தான். பள்ளிக்கரணைப் பக்கத்துக் குப்பைப் புகை உள்ளே வந்தது. திரும்ப மூடினான். பிறகு துப்பாக்கியை எடுத்துக் குழலின் வாயில் விரலை விட்டுப் பார்த்தான். "ஏழு வரியையும் கையாலேயாப்பா போட்டாரு?" என்றான். அதற்குமேல் வாதாடவில்லை.

ஆயுத பூஜையன்று தங்கை ஷேர் ஆட்டோவில் எங்கள் கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்தாள். கைக்குழந்தையாக இந்த வாசலைவிட்டுப் போனவள். படியில் ஒரு கணம் நின்றாள், பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். துப்பாக்கியைப் பலகையில் வைத்திருந்தேன். சந்தனக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தேன்.

"எங்கணா வெக்கறது?"

"உன் இஷ்டம்."

எழுத்துக்கு மேலே கொண்டுபோன விரலை இழுத்துக்கொண்டு, இரண்டு விரற்கடை தள்ளிச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். ஆறு எழுத்தும் தெரிந்தன.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி, மகன் காரில் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கேயும் முந்தைய நாள் பூஜை நடந்திருந்தது. ஜீப், லத்தி, பீரோ, தொலைபேசி, மேஜை மேலிருந்த ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. எங்கள் துப்பாக்கி அங்கே வித்தியாசமாகத் தெரியவில்லை.

என் மனுவை அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"இன்னா சார் இது, பேஜாரு புடிச்ச வேல? ரெக்கார்டுல இங்கிலீஷ் மேக்குனு க்ளீனா கீது. நீங்களா வந்து…"

"அது தப்பு. திருத்தணும்."

"திருத்தினா இது திரும்பி வூட்டுக்கு வராது சார். தெரியுமில்ல?"

"தெரியும்."

மகனைப் பார்த்தார். மகன் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சரி, சொல்லுங்க. செஞ்சது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. தங்கை எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க நைனா சார்."

"பேரு?"

சொன்னாள். வாசலில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.